யார் ஒதுங்குவது?

தமிழில் 'ஒதுங்கு' என்றொரு சொல் இருக்கிறது. மழைக்கு ஒதுங்கலாம். இருட்டிய பிறகு பொம்பளைங்க கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்குவாங்க. இந்த இரண்டு அர்த்தமும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது அர்த்தம் எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ரோட்டில் நடந்து போகும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "டேய், ஒதுங்குடா." குரல் கொடுத்தவனுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். ஒதுங்குகிறவருக்கு அறுபது இருக்கும். ரோடு எவ்வளவு அகலம் என்பது ஒரு கணக்கே இல்லை. இருபது அடி ரோடாக இருந்தாலும் காலனிக்காரன் மண்ணில் இறங்கித்தான் நிற்க வேண்டும்.

ஒதுங்குகிறவன், ஒதுக்கப்பட்டவன், ஒதுக்கீடு என்று எங்கள் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு சொல்லின் குடும்பத்துக்குள்ளேயே கிடக்கிறது. அதனால் ரோட்டில் வழிவிடுவது பற்றி யாராவது பண்பாடு, நாகரிகம் என்று பேசினால் எனக்கு உடனே ஒரு கேள்வி எழும். யார் யாருக்கு வழிவிடுவது? இதைக் கேட்காமல் சாலை ஒழுக்கம் பேசுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

பேசுவதற்கு எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. 1988 முதல் 2016 வரை அரசு பஸ் ஓட்டியவன் நான். 28 வருஷமும் வட மாவட்டத்துக் கிராம ரோடுகள்தான். ரோட்டில் பரப்பிப் போட்ட கேழ்வரகுக் கதிர்மேல் சக்கரத்தை நிதானமாக ஏற்றி இறக்கிப் பல வீட்டுக்குக் கதிரடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆட்டு மந்தைக்குப் பின்னால் முதல் கியரில் அரை மைல் ஊர்ந்திருக்கிறேன். எதிரே மாட்டு வண்டி வந்தால் எந்த இடத்தில் நிறுத்தினால் அந்த மாடு மிரளாது என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம் எந்த டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லித்தர மாட்டார்கள். ரோடே கற்றுக் கொடுக்கும்.

2024 மே மாசம் மகனைப் பார்க்க ஸ்காட்லாந்துக்குப் போனேன். அவன் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறான். "அப்பா, நீ வாழ்நாள் பூரா மத்தவங்கள ஏத்திக்கினு போன. இப்ப நீ பக்கத்து சீட்ல உக்காரு, நான் ஓட்டறேன்" என்று சொல்லி, ஒரு கேம்பர்வேனை ஒன்பது நாளைக்கு வாடகைக்கு எடுத்தான். நம் ஊர்ப் படப்பிடிப்புகளில் நடிகர்கள் உட்கார்ந்து ஓய்வெடுக்கும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். கேம்பர்வேன் அதற்குத் தம்பி. ஒரு வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்னதாக ஒரு கக்கூஸ். போகிற இடத்தில் சமைத்துச் சாப்பிட்டு அதிலேயே படுத்துக்கொள்ளலாம்.

வண்டியில் படுப்பது எனக்குப் புதுசில்லை. நைட் ஹால்ட் போட்ட ஊர்களில் வாரத்துக்கு மூன்று ராத்திரி பஸ்ஸின் கடைசி நீள சீட்டில்தான் படுப்பேன். ஒன்பதரைக்கு வண்டி ஊர்போய்ச் சேரும். விடிகாலை ஐந்து பத்துக்கு எடுக்க வேண்டும். அப்படி ஒரு ஊரில் புதிதாக ரூட் விட்டபோது, பெரிய வீட்டிலிருந்து முதல் நாள் ராத்திரி எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டுச் சாப்பாடு போட்டார்கள். இரண்டாம் நாள் கண்டக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "டிரைவர் யாரு?" என்று விசாரித்தார்கள். மூன்றாம் நாள் கண்டக்டருக்கு மட்டும் இலை. எனக்குச் சோறு பொட்டலமாக பஸ்ஸுக்கே வந்தது. அந்தப் பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. அன்றிலிருந்து தூக்குவாளியில் வீட்டுச் சோறுதான். ஊருக்கே வண்டி ஓட்டுகிறவன் ஊருக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. இப்படிப்பட்ட ராத்திரிகளைப் பார்த்தவனை மகன் மெத்தை போட்ட வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனான்.

அந்த நாட்டின் வடகோடியைச் சுற்றி ஒரு பாதை இருக்கிறது. இன்வர்னஸ் கோட்டையில் புறப்பட்டு மேற்குக் கரை, வடக்குக் கரை என்று சுற்றி மறுபடி இன்வர்னஸுக்கே வந்து சேரும். மொத்தம் 516 மைல், நம் கணக்கில் 830 கிலோமீட்டர். 2015இல் இதற்கு 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தார்கள். புதிய ரோடு எதுவும் போடவில்லை. காலங்காலமாக அங்கே இருந்த ரோடுகளை இணைத்து ஒரு பெயர் வைத்ததுதான். பெயர் வைத்ததும் உலகம் முழுவதிலுமிருந்து கார்களும் கேம்பர்வேன்களும் அந்த ரோட்டுக்கு வந்துவிட்டன.

அந்த ரோட்டில் பல மைல் தூரம் ஒரு வண்டி மட்டுமே போகிற அகலம்தான். எதிரே ஒரு வண்டி வந்தால் இரண்டில் ஒன்று நின்றாக வேண்டும். அதற்காகக் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக ரோட்டோரம் சின்ன வயிறு தள்ளினாற்போல அகலப்படுத்தி, பக்கத்தில் ஒரு கம்பம் நட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு பாஸிங் பிளேஸ் என்று பெயர். நான் அதற்கு மனசுக்குள் 'ஒதுங்கிடம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். விதி எளிமையானது. ஒதுங்கிடம் உன் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில். வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே உன் பக்கத்திலேயே நின்றுகொள். எதிரே வருகிறவர் அதற்குள் வளைந்து உன்னைக் கடந்து போவார். மேடேறி வருகிறவருக்கு முடிந்தவரை வழிகொடு. பின்னால் வருகிறவர் உன்னைவிட வேகமாகப் போக வேண்டியவர் என்றால் அவருக்கும் வழிகொடு. ஒதுங்கிடத்தில் வண்டியை நிறுத்திவைத்துவிட்டுப் போகாதே. அவ்வளவுதான்.

மேடேறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டின் 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே இருந்தது. வேலூர்ப் பக்கத்து மலை ரோடுகளில் லாரிக்காரர்கள் அதை மதிப்பதையும் பார்த்திருக்கிறேன். பாரத்தோடு ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் நிற்க வேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. நின்றுவிட்டால் மறுபடி ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டியவனுக்குத் தெரியும். இதே நியாயத்தை ரோட்டைவிட்டு வெளியே எடுத்து வந்து பேசினால் மட்டும் ஏன் நம் ஆட்களுக்குக் கோபம் வருகிறது? இட ஒதுக்கீட்டை எதிர்க்கிறவர் எல்லாரும் மலை ரோட்டில் இந்த விதியைத் தலையாட்டி ஒத்துக்கொள்கிறவர்கள்தான்.

முதல் நாள் எனக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. எதிரே ஒரு பெரிய பளபளப்பான ஜீப் வருகிறது. ஒதுங்கிடம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அது நிற்கிறது. நாங்கள் கடக்கும்போது மகன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினான். அந்த ஆளும் காட்டினார். அடுத்த திருப்பத்தில் ஒரு ஓட்டை வேன் வருகிறது. ஒதுங்கிடம் எங்களுக்குப் பக்கம். நாங்கள் நின்றோம். அந்த வேன்காரர் ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போனார். நாள் முழுக்க இதேதான். நாற்பது தடவை நாங்கள் நின்றிருப்போம், நாற்பது தடவை எங்களுக்காக நின்றிருப்பார்கள். யார் வண்டி பெரிசு, யார் பணக்காரர், யார் உள்ளூர், யார் கறுப்பு என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை. இடம் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவர் ஒதுங்குகிறார்.

சாயங்காலம் மகனிடம் சொன்னேன்: "ஏன்டா, நமக்காக நின்னாங்களே அந்த ஆளுங்க, அவங்களுக்குக் கொறச்சலா ஒண்ணும் தெரியலயே?" அவன் சிரித்தான். "அவங்களுக்கு அது வெறும் நிக்கறதுப்பா." எனக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. ஒதுங்குவது வெறும் ஒதுங்குவதாக மட்டும் இருக்கிற ரோட்டை 66 வயசில்தான் பார்க்கிறேன்.

இதைச் சொன்னதும் வெள்ளைக்காரன் புகழ் பாட ஆரம்பித்துவிட்டான் கிழவன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ரோட்டிலும் தகராறு இருக்கிறது. அந்தத் தகராறின் பெயரே கேம்பர்வேன்தான். ஊர்க்காரர்களுக்கு அந்த வண்டிகளைக் கண்டாலே முகம் சுருங்குகிறது. காரணம் இல்லாமல் இல்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நாலைந்து வண்டியாக ஒட்டிக்கொண்டே வருகிறார்கள். ஒரு ஒதுங்கிடத்தில் அத்தனை வண்டியும் அடங்காது. எதிரே வருகிற உள்ளூர்க்காரர்தான் பின்னால் போக வேண்டியிருக்கிறது. மணிக்கு இருபது மைல் வேகத்தில் மலையைப் பார்த்துக்கொண்டே போகிறவருக்குப் பின்னால் மீன் லாரியும் தபால் வேனும் பள்ளிக்கூட வண்டியும் வரிசையாக வரும். விடுமுறைக்கு வந்தவருக்கு அது காட்சி. பின்னால் வருகிறவருக்கு அது பிழைப்பு.

ஒரு ஏரிக்கரையில் நான் கண்ணால் கண்டது. பெரிய வாடகை வண்டி ஒன்றை ஒதுங்கிடத்திலேயே நிறுத்திவிட்டு, ஒரு புருஷனும் பெண்சாதியும் மடக்கு நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு எதிரே ஒரு சின்னக் காரில் நடுவயசு அம்மா ஒருவர் வந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே இடத்தில் அந்த வண்டி நிற்கிறது. நாங்கள் பின்னால் போவதற்குள் அந்த அம்மாவே ஒரு கூப்பிடு தூரம் பின்னாலேயே ஓட்டிப்போய் எங்களுக்கு வழிவிட்டார். நாங்கள் கடந்தபோது கையும் காட்டினார். அப்புறம் காரை முன்னால் கொண்டுவந்து, கண்ணாடியை இறக்கி, நாற்காலிக்காரர்களிடம் என்னமோ சொன்னார். சத்தம் போடவில்லை. மகன் எனக்குச் சொன்னான்: "நடக்க முடியாத ஒரு பாட்டிக்கு மருந்து குடுக்கப் போறாங்களாம். இது உங்க வீட்டு வாசல் இல்ல, எங்க ஊரு வழின்னாங்க." அந்த இரண்டு பேரும் பதறிப்போய் நாற்காலியை மடக்கினார்கள். அவர்களுக்கு விதி தெரியாது. தெரிந்ததும் வெட்கப்பட்டார்கள்.

அந்த நாற்காலிகளைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர் மதகுக்கட்டை ஞாபகம் வந்தது. ஊர்த்தெரு நுழைவில் மதகுக்கட்டைமேல் பெரிய மனுஷர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காலை ரோட்டுப் பக்கம் நீட்டியிருப்பார்கள். பஸ் வருவது தெரியும். எடுக்க மாட்டார்கள். ஹாரன் அடித்தால், "எவன்டா அவன், எங்களப் பாத்து ஹாரன் அடிக்கிறவன்?" என்று கேட்பார்கள். மற்ற டிரைவர் அடித்தால் அது பஸ் ஹாரன். நான் அடித்தால் அது சாதித் திமிர். கண்டக்டர் இறங்கிப்போய், "கொஞ்சம் காலை எடுத்துக்கங்கண்ணே" என்று கெஞ்சி, அவர்கள் பீடியை முடித்துவிட்டு மெதுவாக மடக்கிக்கொள்ளும்வரை எழுபது பேர் பஸ்ஸுக்குள் வேகவேண்டும். அந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு விதி தெரியாது. மதகுக்கட்டைக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். ரோடு யாருடையது என்று எங்களுக்குத் தினமும் ஞாபகப்படுத்துவதற்காகத்தான் அந்தக் கால் நீண்டிருந்தது.

அந்த ரோட்டுக்கு ஜல்லி உடைத்தவர் என் அப்பா. 1960களில் குவாரியிலிருந்து வண்டியில் வந்த கருங்கல்லை ரோட்டோரம் குவித்து, சுத்தியலால் உடைத்து, அம்மா கூடையில் சுமக்க, கொதிக்கிற தாரைச் சாக்குச் சுற்றிய காலோடு ஊற்றினார்கள். எங்கள் தெருவே அந்த வேலைக்குப் போனது. ரோடு போட்டு முடித்த பிறகு, அதே ரோட்டில் ஊர்த்தெரு வந்தால் அப்பா சைக்கிளைவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். எதிரே யாராவது வந்தால், "கும்புடறேன் ஆண்டே" என்று ஓரமாக நிற்பார். தெரு முடிந்ததும் ஏறி மிதிப்பார். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருக்கும் நானும் இறங்கி ஏறுவேன்.

வண்டியும் ரோடும் எங்களுக்கு வெறும் போக்குவரத்தாக எப்போதும் இருந்ததில்லை. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கி, பூட்டி, தலைப்பாகை கட்டி, தீண்டப்படாதவர்கள் போகக்கூடாத பொது ரோட்டில் ஓட்டிப் போனார். அவர் எங்கேயும் அவசரமாகப் போய்ச் சேர வேண்டியிருக்கவில்லை. அந்த ரோட்டில் போவதுதான் அவருடைய வேலை. 1924இல் வைக்கத்தில் சண்டை நடந்ததும் கோயிலுக்குள் போவதற்கு அல்ல. கோயிலைச் சுற்றியிருந்த ரோட்டில் நடப்பதற்கு. பெரியார் அதற்காகத்தான் ஜெயிலுக்குப் போனார்.

நான் பஸ் ஓட்டிய காலத்துக்கு வருவோம். 1997இல் தமிழ்நாட்டு அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதிகள் கிளம்பின. தென் மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் அரசு அந்த ஒரு பெயரை மட்டும் எடுக்கவில்லை. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. பெரியார் பெயரைத் தாங்கி ஓடிய பஸ்களின் நெற்றியிலிருந்தும் அந்தப் பெயர் அழிந்தது. ஒரு தலித்தின் பெயர் முன்னால் போக, தான் பின்னால் உட்கார்ந்து போவதா என்ற ஒரே ஆத்திரம் தமிழ்நாட்டின் பெயர்ப்பலகைகளையே மாற்றி எழுத வைத்தது. அதே வருஷம் ஜூன் 30ஆம் தேதி மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்றவர்களும் பஸ்ஸில் ஊர் திரும்பும்போது வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆறு உயிர். அந்தச் சேதியைக் கேட்ட ராத்திரி நான் நைட் ஹால்ட்டில் இருந்தேன். ஒரு பஸ்ஸை எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்த முடியும் என்பது ஒரு டிரைவருக்குத் தெரியும். அன்று ராத்திரி அது வேறு மாதிரி தெரிந்தது.

இவ்வளவு பெரிய விஷயங்களுக்கு நடுவில் ஒரு சின்ன விஷயமும் சொல்ல வேண்டும். ஒரு ரூட்டில் காலனியிலிருந்து ஊர் நிறுத்தத்துக்கு முக்கால் மைல். காலனிக்குள் பஸ் திரும்ப நல்ல இடம் இருந்தும் ஊரோடு நிறுத்தித் திருப்பிவிட வேண்டும் என்று ஏற்பாடு. விடிகாலையில் ஒரு ஆயா கீரைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வயல்வரப்பில் ஓடிவரும். டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டே வருவது தெரியும். நான் அரை நிமிஷம் நிற்பேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு நாள் பஸ்ஸுக்குள்ளிருந்து, "அவளுக்காகவா கவர்மெண்ட் பஸ் நிக்குது?" என்று ஒரு குரல் வந்தது. பிறகு மனு போனது. டிரைவர் சாதி பார்த்து வண்டியை நிறுத்துகிறார் என்று எழுதியிருந்தார்கள். மெமோ வந்தது. நான் பதில் எழுதினேன்: 'ஓடி வருகிற பயணி யாராக இருந்தாலும் அரை நிமிடம் நிற்பேன். நேரத்தை அடுத்த நிறுத்தத்துக்குள் சரிசெய்கிறேன். டிரிப் ஷீட்டைப் பார்த்துக்கொள்ளவும்.' பார்த்தார்கள். ஒரு நாளும் வண்டி தாமதமில்லை. மெமோ அப்படியே அடங்கிப்போனது. ஆயா கடைசிவரை அதே பஸ்ஸில்தான் வந்தது.

ஸ்காட்லாந்தின் ரோட்டுக்கும் ஒரு அடித்தட்டு இருக்கிறது. மேற்குப் பக்கம் பிரேமோர் என்ற இடத்திலிருந்து டண்டொனெல் போகிற ரோட்டுக்கு இன்றைக்கும் 'வறுமைச் சாலை' என்ற அர்த்தத்தில்தான் பெயர். 1846இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அந்த மலைநாடே பட்டினி கிடந்தபோது, சும்மா கஞ்சி ஊற்றினால் ஏழைகள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று சொல்லி, ரோடு போடவைத்துக் கூலியாக ஓட்ஸ் மாவு கொடுத்தார்கள். அந்த ரோட்டில் நான் வேனை நிறுத்தச் சொல்லி, ஒழுங்கான இடம் பார்த்து நின்ற பிறகு இறங்கி, கல்லைக் குனிந்து பார்த்தேன். மாவுக்குக் கல் உடைத்தவர்களும் தாருக்குக் கால் கொடுத்தவர்களும் எனக்கு ஒரே தெருக்காரர்களாகத் தெரிந்தார்கள்.

வடக்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் அதற்கும் முந்திய கதை. சதர்லாந்து ஜமீன் 1814இலும் 1819இலும் அங்கிருந்த குடியானவர்களை வெளியேற்றி ஆட்டுப் பண்ணைக்கு நிலத்தைக் கொடுத்தது. வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்திய பாட்ரிக் செல்லர் என்ற அதிகாரிமேல் 1816இல் இன்வர்னஸில் வழக்கு நடந்து, அவன் விடுதலையானான். நெருப்பு வழக்கில் விடுதலையாவது எப்படி என்று வெண்மணி தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்று கேம்பர்வேனில் போகிறவர்கள் 'ஆகா, எவ்வளவு அழகான வெறுமை' என்று படம் எடுக்கிறார்களே, அந்த வெறுமையில் ஒரு பகுதி ஆட்களைத் துரத்தி உண்டாக்கியது. மிச்சமிருந்தவர்கள் போராடி, 1886இல் தங்கள் துண்டு நிலத்தைவிட்டு யாரும் விரட்ட முடியாதபடி ஒரு சட்டம் வாங்கினார்கள். அதனால்தான் வாடகை வண்டி ஒதுங்கிடத்தில் நின்றால் அந்த அம்மாவுக்கு, 'இது எங்க ஊரு வழி' என்று நிதானமாகச் சொல்ல முடிகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். அவர்களிடமிருந்து பறித்தது நிலத்தை. பிறப்பைக் காட்டி ஒதுங்கச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளின் காலத்தில் அந்தக் காயம் ஆறத் தொடங்கிவிட்டது. எங்கள் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் இன்றும் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள்.

கேம்பர்வேனில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது. வண்டிக்குள் இருக்கிற கக்கூஸுக்கு அடியில் ஒரு பெட்டி. அதற்கு 'கேசட்' என்று பெயர். நம் காலத்துப் பாட்டு கேசட் இல்லை. பீயும் மூத்திரமும் அதில்தான் சேரும். நிறைந்ததும் வண்டிக்கு வெளியேயிருக்கிற ஒரு சின்னக் கதவைத் திறந்து, பெட்டியை இழுத்து, முகாமில் அதற்கென்று உள்ள தொட்டிக்குக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். கண்ட இடத்தில், ஓடையில், புதரில் கொட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஊர்க்காரர்களின் கோபத்தில் பாதி அதனால்தான். ஆனால் பெரும்பாலோர் ஒழுங்காகக் கொண்டுபோகிறார்கள். காலையில் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டாக்டர்போல ஒருத்தர், வாத்தியார்போல ஒருத்தர், காதில் முத்துத்தோடு போட்ட ஒரு அம்மா. எல்லாரும் தங்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு வரிசையில் வருகிறார்கள். ஒருத்தருக்கொருத்தர் காலை வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள்.

அங்கே லண்டனிலிருந்து வந்த ஒரு தமிழர் எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்து பேசினார். நல்ல மனுஷர்தான். காபி கொடுத்தார். மகன் பெட்டியை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, "இந்த வேலைக்கெல்லாம் இங்க ஆள் வைக்க மாட்டானுங்களா சார்?" என்றார். "ஆள் இருக்கு சார். வண்டிச் சாவி யாரு கையில இருக்கோ அவருதான் அந்த ஆளு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் வழக்கமான கேள்வி வந்தது. "ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?" நான் சொன்னேன்: "பஸ் போகாத பக்கம்." மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன்.

மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதை ஒழிக்க நம் நாட்டில் 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். இரண்டுக்கும் பிறகும் சாக்கடைக் குழியில் இறங்கிச் சாகிறவர்கள் எங்கள் பிள்ளைகள்தான். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஓய்வு நாளில் ஒரு டாக்டர் தன் பெட்டியைத் தானே கழுவுகிறார், அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அங்கே பெரிய வேதாந்தம் ஒன்றுமில்லை. 'உன்னுடையது, நீ எடு' என்ற சாதாரண விதி. அந்தச் சாதாரண விதி சாதி இருக்கிற நாட்டில் புரட்சியாகிவிடுகிறது.

பிரிட்டனின் சாலை விதிகளை 2022 ஜனவரியில் திருத்தியபோது தொடக்கத்திலேயே ஒன்றைச் சேர்த்தார்கள். மோதினால் யாரால் அதிகச் சேதம் வருமோ அவருக்குத்தான் அதிகப் பொறுப்பு. லாரிக்காரர் காருக்கும், கார்க்காரர் சைக்கிளுக்கும், எல்லாரும் நடக்கிறவருக்கும் கவனமாக இருக்க வேண்டும். பெரியவன் சின்னவனைப் பார்த்து நடக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நம் ஊர் எழுதாத விதி இதற்கு நேர் தலைகீழ். சின்னவன்தான் பெரியவனைப் பார்த்து நடக்க வேண்டும். நடக்கிறவன் சைக்கிளுக்கும், சைக்கிள் மோட்டார் சைக்கிளுக்கும், எல்லாரும் கொடி கட்டின காருக்கும் ஒதுங்க வேண்டும். காலனிப் பையன் புது மோட்டார் சைக்கிளில் ஊர்த்தெரு வழியாகப் போனால் இன்றும் அடி விழுகிற ஊர்கள் இருக்கின்றன. ரோடு சிமெண்ட் ரோடாகிவிட்டது. மதகுக்கட்டைக்குப் பதில் பயணிகள் நிழற்குடை வந்துவிட்டது. நீட்டின கால் மட்டும் அப்படியே இருக்கிறது.

கேம்பர்வேன்கள் நம் பக்கமும் வரத் தொடங்கிவிட்டன. கேரள அரசு 2021இலேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. நாளைக்கு நம் கிராமத்து ரோடுகளிலும் வாடகை வேன்கள் நுழையும். வருகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். அந்த ரோடு உங்களுக்குக் காட்சி, எங்களுக்குப் பிழைப்பு. பின்னால் வருகிற பால் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழிகொடுங்கள். நடந்து போகிற கிழவிமேல் சேற்றை அடிக்காதீர்கள். உங்கள் பெட்டியை நீங்களே கழுவுங்கள். காலனியில் போய் ஆள் தேடாதீர்கள்.

ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியது வேறு. வழிவிடுவது நல்ல பழக்கம்தான், அதை நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறோம். இனி உங்கள் முறை. ஒரு ரோட்டில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஒதுங்கிக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் மரியாதை இல்லை, அடிமைத்தனம். இன்று நான் நின்றால் நாளை நீ நிற்க வேண்டும். அப்போதுதான் நான் நின்றதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

இளைஞர்களுக்கு ஒன்று. உங்கள் ஊரில் பஸ் எதுவரை வருகிறது என்று பாருங்கள். ஊரோடு திரும்பிவிடுகிறதென்றால் அந்த மிச்சத் தூரத்தை அளந்து, மனு எழுதி, கலெக்டர் மனுநீதி நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். பஸ் திரும்ப எத்தனை அடி இடம் வேண்டும் என்று யாராவது கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள். 28 வருஷம் திருப்பியிருக்கிறேன். வந்து நின்று அளந்து காட்டுகிறேன்.